கயிறு அறுந்ததா, அறுக்கப்பட்டதா? மேட்டர்ஹார்ன் உச்சியைத் தொட்ட எட்வர்ட் விம்பரின் கதை

டோப்லரோன் சாக்லேட் டப்பாவில் பல ஆண்டுகளாக இருந்த அந்த முக்கோண மலை ஞாபகம் இருக்கிறதா? அதுதான் மேட்டர்ஹார்ன். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவே, எல்லைக்கோட்டின் மீதே நிற்கும் மலை. உயரம் 4,478 மீட்டர். எவரெஸ்ட்டில் பாதிதான். ஆனால் இந்த மலையில் ஏறப்போய் இதுவரை 500-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலின் முதல் நான்கு பெயர்கள் ஒரே நாளில், ஒரே நொடியில் எழுதப்பட்டவை. 1865 ஜூலை 14. மலையின் உச்சியை மனிதர்கள் முதன்முதலாகத் தொட்ட அதே நாள். ஏறியவர்கள் 7 பேர், உயிரோடு திரும்பியவர்கள் 3 பேர். திரும்பிய மூவரில் ஒருவர் 25 வயது எட்வர்ட் விம்பர். அந்த ஒரு நாளுக்கான பதிலை அவர் அடுத்த 46 ஆண்டுகளும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

யார் இந்த எட்வர்ட் விம்பர்?

பணக்கார வீட்டுப் பிள்ளை இல்லை. 1840 ஏப்ரல் 27 அன்று லண்டனில் பிறந்தார். 11 பிள்ளைகளில் இரண்டாமவர். அப்பா ஜோசையா விம்பர் மரச்செதுக்குக் கலைஞர். புகைப்படத்தைப் புத்தகத்தில் அச்சடிக்கும் வசதி வராத காலம் அது. ஒரு படம் அச்சில் வர வேண்டுமானால், அதை மரக்கட்டையில் தலைகீழாகச் செதுக்கி, மை தடவித்தான் அச்சிட வேண்டும். அந்த வேலைக்காகத் தன் 14-வது வயதில் பள்ளியை விட்டு, அப்பாவின் பட்டறைக்கு வந்துவிட்டார் விம்பர்.

அன்றைக்கு மலையேற்றம் என்பது பெரும்பாலும் வக்கீல்கள், பேராசிரியர்கள், பாதிரியார்கள், பிரபுக்கள் ஆகியோரின் கோடைக்கால பொழுதுபோக்கு. 1857-ல் லண்டனில் தொடங்கப்பட்ட ஆல்பைன் கிளப்தான் அவர்களின் சங்கம். ஒரு பட்டறைத் தொழிலாளிக்கு அங்கே என்ன வேலை?

வேலைதான் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. 1860-ல் வில்லியம் லாங்மன் என்ற பதிப்பாளர், ஆல்ப்ஸ் சிகரங்களைப் படம் வரைந்து வரும்படி விம்பரை அனுப்பினார். வயது 20. அதற்கு முன் அவர் ஒரு பெரிய மலையைக்கூடப் பார்த்ததில்லை. வரையப் போனவருக்கு ஏறும் ஆசை வந்துவிட்டது.

ஏன் மேட்டர்ஹார்ன்?

ஆல்ப்ஸின் பெரிய சிகரங்கள் பலவற்றில் அதற்குள் ஆட்கள் ஏறிவிட்டிருந்தார்கள். மேட்டர்ஹார்ன் இன்னும் மிச்சம். அதன் நான்கு பக்கமும் சுவர் மாதிரி செங்குத்தாக இருக்கும். பக்கத்து ஊர்க்காரர்களே அதன் உச்சியில் பேய்கள் குடியிருப்பதாக நம்பினார்கள். அனுபவமுள்ள வழிகாட்டிகள்கூட, எவ்வளவு கூலி கொடுத்தாலும் வர மாட்டோம் என்றார்கள்.

இந்த மலையில் ஏற ஒரே வழி அதன் விளிம்புகள்தான். இரண்டு சரிவுகள் சந்திக்கும் இடத்தில், கூரையின் முகடு போல மேலே போகும் பாறை வரிசை. ட்ரெக்கிங் போகிறவர்கள் இதை ரிட்ஜ் என்பார்கள். இடதுபக்கம் ஆயிரம் மீட்டர் பள்ளம், வலதுபக்கமும் அதே. நடுவில் கால் வைக்கிற இடம் மட்டும்தான் உங்களுக்குச் சொந்தம்.

விம்பர் முதலில் முயன்றது இத்தாலியப் பக்கமாக இருக்கும் தென்மேற்கு விளிம்பில். 1861 முதல் 1863 வரை ஏழு முறை முயன்றார். ஏழு முறையும் தோல்வி. சில முறை புயல், சில முறை பாறை, சில முறை கூட வந்தவர்கள் பின்வாங்கினார்கள்.

1862 ஜூலையில் ஒருமுறை ஆள் கிடைக்காமல் தனியாகவே ஏறினார். இறங்கும்போது கால் வழுக்கி, பாறை இடுக்கு ஒன்றில் மோதி மோதிக் கிட்டத்தட்ட 60 மீட்டர் உருண்டார். பெரும் பள்ளத்தின் ஓரத்துக்குச் சற்று முன்னால் உடல் நின்றது. தலையில் இருந்து ரத்தம் கொட்ட, பனிக்கட்டியை அள்ளி காயத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு தட்டுத்தடுமாறி ஊர் வந்து சேர்ந்தார். சில நாள்களிலேயே மறுபடியும் அதே மலைக்குக் கிளம்பிவிட்டார். அந்த ஆளின் பிடிவாதம் அப்படி.

இந்த முயற்சிகளுக்கு நடுவே மற்ற மலைகளில் அவர் அசத்திக்கொண்டிருந்தார். 1864-ல் பிரான்ஸின் பார் தே எக்ரான், 1865 ஜூன் மாத இறுதியில் எகுயீ வெர்ட் என, யாரும் ஏறாத சிகரங்களில் வரிசையாக ஏறினார். மலையில் தங்குவதற்காக அவரே வடிவமைத்த கூடாரம், விம்பர் டென்ட் என்ற பெயரில் பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தது.

நண்பனா, போட்டியாளனா?

இந்தக் கதையில் இன்னொரு முக்கியமான ஆள், ழான் அந்த்வான் கரேல். இத்தாலியப் பக்கத்து வால்டூர்னாஷ் பள்ளத்தாக்குக்காரர். முன்னாள் ராணுவ வீரர். மேட்டர்ஹார்னில் ஏற முடியும் என்று உள்ளூரில் உறுதியாக நம்பியவர். விம்பரோடு பலமுறை சேர்ந்து ஏறியவரும் அவர்தான்.

ஆனால் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. இது எங்கள் மலை, இத்தாலியப் பக்கமிருந்துதான் ஏற வேண்டும். இத்தாலி என்ற நாடு 1861-ல்தான் ஒன்றுபட்டிருந்தது. 1863-ல் தூரின் நகரில் இத்தாலிய ஆல்பைன் கிளப் தொடங்கப்பட்டது. புது தேசத்துக்கு ஒரு பெருமை தேவைப்பட்டது. மேட்டர்ஹார்ன் அதற்குப் பொருத்தமான பரிசு. அந்த வேலையை ஃபெலிசே ஜியோர்டானோ என்ற பொறியாளர் ரகசியமாக எடுத்துக்கொண்டு, கரேலை அமர்த்திக்கொண்டார்.

1865 ஜூலை 11 காலை, இன்று செர்வீனியா என்று அழைக்கப்படும் ப்ரொய் கிராமத்தில் விம்பர் கண் விழித்தபோது கரேல் ஏற்கெனவே மலைக்குக் கிளம்பியிருந்தார். தொலைநோக்கியில் பார்த்தபோதுதான் தான் ஏமாற்றப்பட்டது விம்பருக்குப் புரிந்தது. வழிகாட்டி இல்லை, சுமை தூக்க ஆள் இல்லை, நேரமும் இல்லை.

அவசரத்தில் சேர்ந்த டீம்

அடுத்து நடந்தது முழுக்க அவசரம். அன்று அந்தப் பக்கம் வந்த 18 வயது ஸ்காட்லாந்து இளைஞர் ஃபிரான்சிஸ் டக்ளஸ் பிரபுவோடு சேர்ந்து, ஜூலை 12-ம் தேதி தியோடுல் கணவாயைக் கடந்து சுவிஸ் பக்க ஜெர்மாட் ஊருக்குப் போனார் விம்பர். அங்கே பீட்டர் டாக்வால்டர் என்ற வழிகாட்டியை அமர்த்தினார்கள். கூடவே 22 வயது மகன், அவர் பெயரும் பீட்டர் டாக்வால்டர்தான்.

அதே ஊரில், அதே மலைக்காக இன்னொரு குழுவும் வந்திருந்தது. சார்லஸ் ஹட்சன் என்ற பாதிரியார், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த மலையேறிகளில் ஒருவர். அவரோடு 19 வயது டக்ளஸ் ஹாடோ. இவர்களின் வழிகாட்டி, விம்பருக்கு நன்றாகத் தெரிந்த பிரெஞ்சுக்காரர் மிஷெல் க்ரோ. தனித்தனியாக ஏறுவதைவிட சேர்ந்தே போகலாம் என்று ஒரே மாலைக்குள் முடிவானது.

ஹாடோ முதல் முறையாக ஆல்ப்ஸுக்கு வந்த இளைஞர். மோன் பிளாங்கில் வேகமாக ஏறி இறங்கியிருந்தார். ஆனால் அது பனிச்சரிவில் நடப்பது, இது பாறையில் தொற்றுவது. இரண்டும் வேறு. அவரைச் சேர்க்கலாமா என்று விம்பர் கேட்டார். தாங்குவார் என்று ஹட்சன் உறுதி சொன்னார். பேச்சு அதோடு முடிந்தது.

பயமுறுத்திய பக்கம், எளிதான வழி

ஜூலை 13 அதிகாலை கிளம்பினார்கள். இந்த முறை வழி, சுவிஸ் பக்கமிருக்கும் வடகிழக்கு விளிம்பு. பெயர் ஹோர்ன்லி.

இதில் விம்பரின் கணக்கு ஒன்று இருந்தது. ஜெர்மாட்டில் இருந்து நேராகப் பார்த்தால் மலையின் கிழக்கு முகம் செங்குத்துச் சுவர் போலத் தெரியும். ஆனால் பக்கவாட்டில் இருந்து பார்த்தவர் அவர். உண்மையான சரிவு சுமார் 40 டிகிரிதான் என்று கண்டுபிடித்திருந்தார். அதோடு, மலையின் பாறை அடுக்குகள் இத்தாலியப் பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. அதனால் அந்தப் பக்கம் ஓடு வேய்ந்த கூரை போல வழுக்கும். இந்தப் பக்கமோ படிக்கட்டு போல கால் வைக்க இடம் கிடைக்கும். மலைகளைக் கோடு கோடாக வரைந்து பழகிய கண் கண்டுபிடித்த விஷயம் இது.

கணக்கு சரியாகவே இருந்தது. முதல் நாள் நண்பகலிலேயே சுமார் 3,350 மீட்டர் உயரத்தில் கூடாரம் போட்டுவிட்டார்கள். மறுநாள் பெரும்பகுதி தூரம் கயிறு இல்லாமலே ஏற முடிந்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே மட்டும் விளிம்பை விட்டு வடக்கு முகத்தின் பக்கம் ஒதுங்க வேண்டியிருந்தது. பாறை மேல் மெல்லிய பனிப்படலம், பிடிக்க இடம் குறைவு. அங்கே ஹாடோவுக்குத் தொடர்ந்து கை கொடுக்க வேண்டியிருந்தது.

மதியம் 1.40 மணிக்கு உச்சி. க்ரோவும் விம்பரும் கடைசித் தூரத்தை ஓடியே கடந்தார்கள். பனியில் காலடித் தடம் ஏதும் இல்லை. இத்தாலியர்கள் இன்னும் வரவில்லை! கீழே எட்டிப் பார்த்தால், தூரத்தில் புள்ளிகளாகக் கரேலின் குழு. கத்தினார்கள், கேட்கவில்லை. கற்களைப் பிடுங்கிக் கீழே உருட்டிவிட்டார்கள். அப்போதுதான் இத்தாலியர்களுக்குத் தோல்வி புரிந்தது, திரும்பிப் போனார்கள். க்ரோ தன் சட்டையைக் கழற்றிக் கம்பில் கட்டிக் கொடியாக நட்டார்.

ஒரு மணி நேரம் அங்கே இருந்தார்கள். விம்பரின் வாழ்க்கையிலேயே நிறைவான ஒரு மணி நேரம்.

இறங்கும்போது என்ன நடந்தது?

இறங்குவதற்கு எல்லோரும் ஒரே கயிற்று வரிசையில் வந்தார்கள். முதலில் க்ரோ, அடுத்து ஹாடோ, ஹட்சன், டக்ளஸ், அப்பா டாக்வால்டர், விம்பர், கடைசியில் மகன் டாக்வால்டர். கடினமான இடத்தில் பாறையில் ஒரு கயிற்றைக் கட்டிவைத்தால் பிடிமானமாக இருக்கும் என்று விம்பரும் ஹட்சனும் மேலேயே பேசியிருந்தார்கள். ஆனால் அதைச் செய்யவில்லை.

பிற்பகல் 3 மணி வாக்கில், அந்தப் பனி படர்ந்த பாறைப் பகுதியில், ஹாடோவின் பாதங்களைப் பிடித்து ஒவ்வொன்றாகச் சரியான இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார் க்ரோ. அடுத்த அடி வைக்க அவர் திரும்பிய சமயத்தில் ஹாடோ வழுக்கி அவர் மேல் விழுந்தார். இருவரின் எடை ஹட்சனை இழுத்தது, அடுத்து டக்ளஸை இழுத்தது. மேலே இருந்த மூவரும் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கயிறு விறைத்தது. டக்ளஸுக்கும் அப்பா டாக்வால்டருக்கும் நடுவில் அறுந்தது.

நான்கு பேரும் சுமார் 1,200 மீட்டர் கீழே, மேட்டர்ஹார்ன் பனியாற்றில் விழுந்தார்கள்.

மிச்சமிருந்த மூவரும் அரை மணி நேரம் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கால் நடுங்கியது. இரவை ஒரு பாறைத் திட்டில் கழித்துவிட்டு மறுநாள் ஜெர்மாட் வந்து சேர்ந்தார்கள். தேடிப்போனவர்களுக்கு மூன்று உடல்கள் கிடைத்தன. டக்ளஸின் உடல் இன்றுவரை கிடைக்கவே இல்லை.

அந்தக் கயிறு பற்றிய சந்தேகம் என்ன?

குழுவிடம் மூன்று வகைக் கயிறுகள் இருந்தன. இரண்டு உறுதியானவை. மூன்றாவது மெல்லியது, பழையது. பாறையில் கட்டிவிட்டு வர, அதாவது தேவைப்பட்டால் விட்டுவிட்டு வர எடுத்துப்போனது. ஆட்களைப் பிணைக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் டக்ளஸையும் அப்பா டாக்வால்டரையும் பிணைத்திருந்தது அந்த மெல்லிய கயிறுதான்.

வதந்தி கிளம்பியது. தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள டாக்வால்டர் கயிற்றை வெட்டிவிட்டார் என்று பேசினார்கள். ஜெர்மாட்டில் அதிகாரபூர்வ விசாரணை நடந்தது. டாக்வால்டர் மீது குற்றம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. கயிற்றின் முனையைப் பார்த்த விம்பரும் அது வெட்டப்படவில்லை, இழுவையில் அறுந்தது என்றே சொன்னார்.

ஆனால் அதோடு நிறுத்தவில்லை. உறுதியான கயிறு கைவசம் இருந்தும் டாக்வால்டர் ஏன் அந்தக் கயிற்றைத் தேர்ந்தெடுத்தார் என்ற கேள்வியைத் தன் புத்தகத்தில் எழுப்பினார். அது படித்தவர்கள் மனதில் சந்தேகத்தை விதைத்தது. குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்ட பிறகும், சொந்த ஊரிலேயே டாக்வால்டரால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. சில காலம் அமெரிக்கா போய்விட்டுத் திரும்பினார். 1888-ல் இறந்தார்.

இங்கே யோசிக்க ஒன்று இருக்கிறது. அந்தக் கயிற்றை மலைக்குக் கொண்டுவந்ததில் விம்பருக்கும் பங்கு உண்டு. இறங்கும்முன் ஒவ்வொரு முடிச்சையும் சரிபார்க்கும் பொறுப்பு, அனுபவமுள்ள எல்லோருக்கும் இருந்தது. அந்த நேரத்தில் விம்பர் உச்சியைப் படம் வரைந்துகொண்டும், ஏறியவர்களின் பெயர்களை எழுதி ஒரு பாட்டிலில் போட்டுக்கொண்டும் இருந்தார். புத்தகம் எழுதத் தெரிந்தவரின் தரப்பு உலகமெல்லாம் போனது. கூலிக்கு வந்த வழிகாட்டியின் தரப்பைக் கேட்க அதிகம் பேர் இல்லை.

பார்க்கப்போனால் டாக்வால்டர் உறுதியான கயிற்றைக் கட்டியிருந்தால், ஏழு பேருமே போயிருக்கலாம் என்ற வாதமும் உண்டு. அறுந்த கயிறுதான் மூவரைக் காப்பாற்றியதா? 160 ஆண்டுகளாக மலையேறிகள் இதை விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு விம்பர் என்ன ஆனார்?

லண்டன் பத்திரிகைகள் கொந்தளித்தன. ஒரு மலை உச்சிக்காக இளைஞர்கள் சாக வேண்டுமா என்று கேட்டன. விபத்து நடந்த மூன்றாம் நாள், ஜூலை 17 அன்று, கரேல் விடாமல் இத்தாலியப் பக்கமிருந்து ஏறி உச்சியைத் தொட்டார். ஆனால் உலகம் பேசியது விம்பரின் கயிற்றைப் பற்றித்தான்.

விம்பர் ஆல்ப்ஸில் புதுச் சிகரங்களைத் துரத்துவதை நிறுத்தினார். 1867-லும் 1872-லும் கிரீன்லாந்து போனார். 1871-ல் தன் ஆல்ப்ஸ் அனுபவங்களைப் புத்தகமாக வெளியிட்டார். படங்களும் அவர் செதுக்கியவையே. மலையேற்ற இலக்கியத்தில் இன்றும் அதிகம் படிக்கப்படும் நூல்களில் அது ஒன்று.

அடுத்த பெரிய பயணம் தென் அமெரிக்காவின் ஈக்வடாருக்கு. கூடப் போனது யார் தெரியுமா? பழைய போட்டியாளர் கரேல்! 1880 ஜனவரி 4 அன்று இருவரும் 6,200 மீட்டருக்கும் அதிக உயரமுள்ள சிம்போராசோ எரிமலையின் உச்சியை முதன்முதலாகத் தொட்டார்கள். சிலர் நம்ப மறுத்ததால், அதே ஆண்டு ஜூலை 3 அன்று உள்ளூர் சாட்சிகளோடு மறுபடியும் ஏறிக் காட்டினார் விம்பர்.

அந்தப் பயணத்தின் நோக்கம் வெறும் சாதனை அல்ல. உயரம் போகப்போக தலைவலியும் மூச்சுத்திணறலும் வருவது ஏன் என்று தன் உடலையும் கூட வந்தவர்களின் உடலையும் வைத்தே ஆராய்ந்தார். காற்றழுத்தம் குறைவதுதான் காரணம் என்று பதிவு செய்தார். இன்று லே, லடாக் போகிறவர்களிடம் முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வெடுங்கள் என்று சொல்கிறார்களே, அந்தப் புரிதலின் ஆரம்பக்கால பதிவுகளில் இதுவும் ஒன்று.

கரேல் 1890-ல் இறந்தார், தன் மேட்டர்ஹார்னிலேயே. புயலில் சிக்கிய தன் வாடிக்கையாளரைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்த்துவிட்டு, களைத்து விழுந்து உயிர்விட்டார்.

கடைசி நாள்கள்

வயதாக ஆக விம்பர் தனிமையானார். புகைப்பட அச்சு வந்ததும் மரச்செதுக்குத் தொழில் படுத்துவிட்டது. கற்ற தொழிலுக்கே மதிப்பு போன பிறகு, சொற்பொழிவுகளும் சுற்றுலாக் கையேடுகளும் அவருக்குச் சோறு போட்டன. மேட்டர்ஹார்ன் கதையை மேடை மேடையாகச் சொன்னார். மறக்க நினைத்த நாளே வருமானமாகவும் ஆனது.

1906-ல், 65 வயதில், தன்னைவிட மிக இளையவரான ஈடித் லூயினைத் திருமணம் செய்தார். ஒரு மகள் பிறந்தாள். ஆனால் நான்கு ஆண்டுகளில் கணவனும் மனைவியும் பிரிந்தார்கள்.

1911 செப்டம்பரில் பிரான்ஸின் ஷமோனி ஊருக்கு வந்தார். உடம்பு முடியவில்லை. ஹோட்டல் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார், மருத்துவரை உள்ளே விடவில்லை. செப்டம்பர் 16 அன்று அங்கேயே இறந்தார். வயது 71. கல்லறையும் அந்த மலையடிவாரத்தில்தான்.

இன்று அந்த விளிம்பு எப்படி இருக்கிறது?

விம்பர் ஏறிய ஹோர்ன்லி விளிம்புதான் இன்றைக்கும் மேட்டர்ஹார்னின் முக்கியப் பாதை. 3,260 மீட்டரில் தங்கும் விடுதி, சுமார் 4,000 மீட்டரில் அவசர காலக் குடில். நான்கு பேர் விழுந்த அந்த உச்சிப் பகுதியில் இப்போது தடித்த கயிறுகள் நிரந்தரமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அன்று விம்பரும் ஹட்சனும் பேசிவிட்டுச் செய்யாமல் விட்ட வேலை அது. 2015 ஜூலை 14 அன்று, 150-வது ஆண்டு நினைவாக, யாரும் ஏறாமல் மலைக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்தார்கள்.

ஜெர்மாட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கயிற்றின் துண்டு இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் பலருக்கும் முதலில் வருவது ஆச்சரியம்தான். இவ்வளவு மெல்லிசான கயிறா என்று.

வார இறுதி ட்ரெக்கிங் குரூப்பில் பேர் கொடுக்கிற யாருக்கும் இந்தக் கதை எளிதாகப் புரியும். முந்தின நாள் சேர்ந்த குழு, அனுபவம் இல்லாத ஒருவர், யாராவது பார்த்திருப்பார்கள் என்று எல்லோரும் விட்டுவிட்ட ஒரு முடிச்சு, ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் தொடங்கிய இறக்கம். ஏறும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருந்தார்கள். அந்த நான்கு பேர் விழுந்தது இறங்கும்போதுதான்.